இரட்டை ஸ்ட்ரைக்கர்

அந்தப் பையன் தன் ஸ்ட்ரைக்கரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வருவான். வெள்ளை நிறம், நடுவில் நீலப் பூ. ஆறாம் வகுப்பு படிக்கிறான். நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு ஊர்த்தெருவிலிருந்து வரும் ஏழு பிள்ளைகளில் அவனும் ஒருவன். மீதி இருபத்திரண்டு பேரும் காலனிப் பிள்ளைகள். பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால், அந்த ஊர் மட்டும்தான் அப்படி என்று மற்ற ஊர்கள் நிம்மதியாகிவிடும்.

ஆறு மணியிலிருந்து ஏழரை வரை பாடம். பிறகு அரை மணி நேரம் கேரம். பிள்ளைகள் கணக்கை ஒழுங்காகப் போட்டு முடிப்பதே அந்த அரை மணி நேரத்துக்காகத்தான். அவன் முறை வந்தால் மையத்து ஸ்ட்ரைக்கரைத் தொடமாட்டான். பையிலிருந்து தன்னுடையதை எடுத்து ஆடுவான். ஆட்டம் முடிந்ததும் டவுசரில் துடைத்துத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொள்வான்.

முதலில் நான் சந்தேகப்படவில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் சொந்த ஸ்ட்ரைக்கர் வைத்திருப்பது வழக்கம்தான். எடை கொஞ்சம் மாறினாலும் கை தடுமாறும். அவனும் அதைத்தான் சொன்னான். "வேற ஸ்ட்ரைக்கர்னா எனக்கு அடி வராது மிஸ்."

மூன்றாவது வாரம்தான் கவனித்தேன். ஊர்த்தெருவிலிருந்து வரும் இன்னொரு பையனிடம் அந்த ஸ்ட்ரைக்கரை அவனே நீட்டினான். எதிரே உட்கார்ந்திருந்த காலனிப் பெண்பிள்ளை, "எனக்கும் ஒரு தடவ குடுடா" என்று கை நீட்டியதும் உள்ளங்கையை மூடிக்கொண்டான். அவன் முகத்தில் வெறுப்பு இல்லை. வீட்டில் சொல்லி அனுப்பியதை மறக்காமல் செய்கிற பிள்ளையின் கவனம்தான் இருந்தது. அந்தப் பெண்பிள்ளையும் அதற்கு மேல் கேட்கவில்லை. கையை இழுத்துக்கொண்டு, போர்டில் இல்லாத தூசியைத் தட்டினாள். பத்து வயதில் அவளுக்கும் ஏதோ புரிந்திருக்கிறது.

டீக்கடையில் இரட்டைக் குவளை பார்த்திருக்கிறேன். குவளை போய்ப் பிளாஸ்டிக் கப் வந்ததையும், எல்லோருக்கும் கப் வந்த பிறகு பெஞ்சில் யார் உட்காரலாம் என்பதில் மட்டும் பழைய கணக்கு தொடர்வதையும் பார்த்திருக்கிறேன். இரட்டை ஸ்ட்ரைக்கரை அன்றுதான் பார்த்தேன்.

யோசித்தால் சிரிப்பு வருகிறது. கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரை மட்டுமா தொடுகிறோம்? குழியில் விழுந்த காயை எடுத்து எதிராளி கையில் கொடுக்கிறோம். ஃபைன் விழுந்தால் நம் காயை அவர் எடுத்து நடுவில் வைக்கிறார். நான்கு பேர் விரலிலும் ஒரே பவுடர். ஸ்ட்ரைக்கரைப் பிரித்துவிட்டு இவ்வளவையும் என்ன செய்வது? தீண்டாமை இப்படி யோசிப்பதில்லை. எங்கே கோடு போட முடிகிறதோ அங்கே போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். காயில் போட முடியாத கோட்டை ஸ்ட்ரைக்கரில் போட்டது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் வட்டுக்காக இவ்வளவு வருத்தமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊர்ப் போர்டின் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் சிறுவாச்சூர்க்காரி. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்குத் தெற்கே எட்டு கிலோமீட்டர். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரென்றால் மதுரகாளியம்மன் கோயில். வழக்கமாகத் திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கும். அந்த இரண்டு நாளும் பூ, தேங்காய், எலுமிச்சை மாலை, கார், வேன் என்று ஊர் திணறும். மற்ற நாட்களில் அடங்கிக் கிடக்கும். "அம்மனுக்கு வாரத்துல ரெண்டு நாளுதான் நடை. நம்ம போர்டுக்கு ஏழு நாளும் நடை" என்பார் என் பெரியப்பா.

அம்பேத்கர் நூற்றாண்டு கொண்டாடப்பட்ட 1990–91இல்தான் எங்கள் காலனிக்கு அந்தப் போர்டு வந்தது. அப்போது பெரம்பலூர் தனி மாவட்டம்கூட இல்லை. எதற்கும் திருச்சிக்குத்தான் போக வேண்டும். வெங்காயக் காட்டுக் கூலியிலும் பருத்தி எடுத்த கூலியிலும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பெரியப்பாவும் இன்னும் இரண்டு பேரும் திருச்சியில் போர்டு வாங்கி, பஸ் மேலே கட்டிக்கொண்டு வந்தார்கள். அம்பேத்கர் படத்தை மாட்டத்தான் கூரைக் கொட்டகை போட்டிருந்தார்கள். படத்துக்குக் கீழே போர்டு வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் அது மன்றம் ஆனது. வெறும் படத்துக்காகத் தினமும் யாரும் வரமாட்டார்கள். ஆட்டத்துக்கு வந்தவர்கள் படத்துக்குக் கீழே உட்கார்ந்தார்கள்.

ஏன் கேரம்? ஏன் கிரிக்கெட் இல்லை, வாலிபால் இல்லை? சமூகவியல் படித்த பிறகுதான் எனக்கு இந்தக் கேள்வியே வந்தது. பெரியப்பாவிடம் கேட்டேன். "எடம் எங்கடி இருந்துச்சு?" என்றார். ஒரே வரியில் முடித்துவிட்டார்.

2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 31 விழுக்காடு பட்டியல் சாதியினர். மாநில சராசரி 20. பத்தில் மூன்று பேர் நாங்கள். ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மைதானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஊர்த்தெருவை ஒட்டி, கோயிலுக்குப் பின்னால், ஏரிக்கரைப் பக்கம் இருக்கும். அங்கே கபடி நடக்கும், பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி நடக்கும். அறுவடை முடிந்த காட்டில் ஸ்டம்ப் நட்டால் காடு யாருடையது என்ற கேள்வி வரும். பந்து ஊர்த்தெருப் பக்கம் போய் விழுந்தால் யார் போய் எடுப்பது என்ற கேள்வி வரும். கேரம் போர்டின் ஆடுகளம் 74 சென்டிமீட்டர் சதுரம். சுற்றி நான்கு பேர் உட்கார ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். நிலம் இல்லாதவர்களுக்கு, யாரிடமும் கேட்காமல் கிடைத்த மைதானம் அது.

சாயங்காலம் வேலை முடிந்து குளித்துவிட்டு வருவார்கள். போர்டுக்கு மேலே ஒயரில் தொங்கும் குண்டு பல்பு, அதற்கு நெஸ்கபே டப்பாவை வெட்டிச் செய்த குடை. வெளிச்சம் போர்டில் மட்டும் விழும். முகமெல்லாம் இருட்டில், கைகள் மட்டும் வெளிச்சத்தில். பகலெல்லாம் அடுத்தவர் காட்டில் களை வெட்டிய கைகள், அந்த வெளிச்சத்தில் ஒரு காயை மயிரிழையில் திருப்பிக் குழிக்குள் அனுப்பும். குனிந்தே இருந்தவர்கள் அங்கே நிமிர்ந்து உட்கார்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டார்கள்.

நான்கு பேர் ஆடினால் பத்துப் பேர் காத்திருப்பார்கள். காத்திருக்கும் நேரத்தில் எழுத்துத் தெரிந்தவர் பேப்பர் படிப்பார். எங்கள் தெருவின் அரசியல் பள்ளிக்கூடம் அதுதான். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் கொல்லப்பட்ட செய்தியை அங்கேதான் அப்பா கேட்டார். எனக்கு அப்போது எட்டு வயது. சாப்பிட அழைக்கப் போயிருந்தேன். காய்கள் போர்டில் அப்படியே கிடந்தன. யாரும் ஆடவில்லை, யாரும் கலைக்கவும் இல்லை. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததற்காகக் கொல்வார்கள் என்று எனக்குப் புரிந்தது பிறகுதான். அன்றைக்குப் புரிந்தது ஒன்றுதான்: ஆட்டம் பாதியில் நிற்கும் அளவுக்கு ஏதோ நடந்திருக்கிறது.

எங்கள் போர்டுக்கு ஒரு அடையாளம் உண்டு. வாங்கிய இரண்டாம் வருடமே சிவப்புக் காய் தொலைந்துபோனது. புதுக்காய் வாங்கினால் செட்டாகத்தான் வாங்க வேண்டும், காசில்லை. பெங்களூரில் காவலாளி வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய மாமா ஒருவரின் பழைய கோட்டில் பெரிய பொத்தான்கள் இருந்தன. அதில் ஒன்றைப் பிய்த்து, நான்கு துளையையும் மெழுகால் அடைத்து, என் அத்தையின் நகப்பூச்சைத் தடவினார்கள். அது காயை விட இலேசு. சுண்டினால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் 'ரெட்' போட்டு 'ஃபாலோ' எடுப்பதில் எங்கள் தெருப் பையன்கள் கில்லாடிகள் ஆனதற்கு அந்தப் பொத்தானே காரணம் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

பொத்தானை வைத்து ஆடியவர்கள் நாங்கள் மட்டும் இல்லை என்று கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்துகொண்டேன். பிரேசிலிலும் ஹங்கேரியிலும் 'பொத்தான் கால்பந்து' என்றே ஒரு விளையாட்டு இருக்கிறது. மேசைதான் மைதானம், கோட்டுப் பொத்தான்தான் ஆட்டக்காரர். பொத்தானைச் சுண்டிப் பந்தைக் கோலுக்குள் அனுப்ப வேண்டும். வீட்டிலிருந்த பழைய கோட்டிலிருந்து பிய்த்து எடுத்த பொத்தானோடு தொடங்கிய சிறுவர் விளையாட்டு. 1930இல் ஜெரால்டோ டெக்கூர் என்பவர் பிரேசிலில் அதற்கு விதிமுறை எழுதி வெளியிட்டார். பிறகு சங்கங்கள் வந்தன, பட்டப் போட்டிகள் வந்தன. படித்தபோது, எங்கோ கடலுக்கு அப்பால் ஒரு தெருவில் என் மாமாவின் கோட்டைப் பார்த்த மாதிரி இருந்தது. மைதானமும் பூட்ஸும் பந்தும் இல்லாத இடத்தில் பிள்ளைகள் விரலால் ஆடக் கற்றுக்கொள்கிறார்கள்.

கேரமுக்கும் அப்படி ஒரு விதிமுறைக் கதை உண்டு. அதுவும் நம் ஊரில் நடந்தது. உலக நாடுகளுக்கான சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர் சென்னையைச் சேர்ந்த பங்காரு பாபு. அதன் விதிகளை முதன்முதலாகப் படித்தபோது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன்.

தெருவில் நாம் எப்படி ஆடுவோம்? வெள்ளைக்கு இருபது, கருப்புக்குப் பத்து, சிவப்புக்கு ஐம்பது. சின்ன வயதில் நானும் அப்படித்தான் எண்ணினேன். கருப்புக்கு ஏன் பாதி என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கருப்பு நிறத்துப் பிள்ளைகள் நாங்கள் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து, வெள்ளைக் காய் விழுந்தால் கைதட்டினோம். போட்டி விதியில் அப்படி இல்லை. ஒன்பது கருப்பு, ஒன்பது வெள்ளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. சிவப்புக்கு மூன்று. வெள்ளைக்காரர் முதலில் உடைப்பார் என்பதைத் தவிர இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. யாரோ உட்கார்ந்து எழுதியதால்தான் கருப்பும் வெள்ளையும் சமமாயின. வழக்கத்தில் இருப்பது இயற்கை அல்ல, அதை மாற்றி எழுதலாம் என்பதற்கு இதைவிட எளிய பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் மையத்தில் இருபதும் பத்தும் கிடையாது.

அந்தச் சமவிதிகளில் ஆடி உலகத்தை வென்றவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? 1991இல் டெல்லியில் நடந்த முதல் உலகக் கேரம் சாம்பியன் பட்டத்தையும், 1995இல் கொழும்பில் இரண்டாவது பட்டத்தையும் வென்றவர் சென்னையின் மரிய இருதயம். 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றவர். 2008இல் பிரான்சின் கான் நகரில் உலக சாம்பியனான இளவழகி வியாசர்பாடிப் பெண். அப்பா மீன்பாடி வண்டி ஓட்டியவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், குழு மூன்றிலும் தங்கம் வென்ற காசிமா வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். தமிழ்நாடு அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. 2018இல் வந்த 'வடசென்னை' படத்தின் அன்பு கேரம் ஆட்டக்காரனாக இருப்பதும் தற்செயல் இல்லை. இடம் நெருக்கமான தெருக்களில்தான் இந்த ஆட்டம் வேர் பிடிக்கிறது.

இளவழகி, காசிமா பெயர்களை எழுதும்போது எனக்கு ஒரு பழைய வலி. மன்றத்தில் பெண்கள் ஆடியதில்லை. மதியம் ஆண்கள் காட்டில் இருக்கும்போது நானும் சித்தி மகளும் போய் ஆடுவோம். எனக்கு நன்றாகவே கை வந்தது. எட்டாம் வகுப்பில் வயதுக்கு வந்தேன். அதோடு முடிந்தது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. "இனிமே அங்க என்ன வேலை?" என்றாள் அம்மா. நிலம் இல்லாததால் நாங்கள் கண்டுபிடித்த ஒரு பாய் அளவு மைதானத்தில், அதே தெருவில் பிறந்த பெண்ணுக்கு இடம் இல்லை. ஊர்த்தெரு எங்களுக்குச் செய்ததை எங்கள் கொட்டகை எனக்குச் செய்தது. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். தலித் அரசியல் பேசும் தோழர்கள் இந்த இடத்தில் அவசரமாகப் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம்.

விளையாட்டுக்குச் சாதி கிடையாது என்பார்கள். பல்வாங்கர் பாலுவின் கதை தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தோல் தொழில் செய்த சமூகத்தில் பிறந்து, பூனாவில் ஆங்கிலேயர் கிளப்பில் மைதான வேலை பார்த்து, அவர்களுக்கு வலையில் பந்து வீசிப் பழகியவர். பிறகு இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொள்ளாமல் ஜெயிக்க முடியாது என்பதால். 1911இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். ஆனால் பூனாவில் ஆட்ட இடைவேளையில் சக ஆட்டக்காரர்கள் கூடாரத்துக்குள் தேநீர் குடிக்க, அவருக்கு வெளியே தனியாக மண் குவளையில் கொடுத்தார்கள். அவர் கையிலிருந்து போன அதே பந்தை அவர்கள் பிடித்தார்கள், எறிந்தார்கள், உமிழ்நீரும் வியர்வையும் சேரத் துடைத்தார்கள். பந்தில் போட முடியாத கோட்டைக் குவளையில் போட்டார்கள். நூறு வருடம் கழித்து எங்கள் மையத்தில், காயில் போட முடியாத கோட்டை ஸ்ட்ரைக்கரில் போட்டார்கள். வித்தை ஒன்றுதான்.

இப்போது மையத்துக்குத் திரும்புகிறேன்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கூட வேலை செய்யும் அண்ணன், "விட்டுருங்க, பசங்க தானா மாறுவாங்க" என்றார். ஏழு பிள்ளைகள் ஊர்த்தெருவிலிருந்து வருவதே அந்தக் கிராமத்தில் பெரிய விஷயம், அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது அவர் கவலை. அது நியாயமான கவலை. அந்தப் பெண்பிள்ளையின் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவரும், "அவங்க வீட்டுக் காட்டுலதான் நாங்க வேலைக்குப் போறோம். ஒரு வெளையாட்டுக்காக ஏங்க்கா?" என்றார். நான் அக்கா என்று அழைக்க வேண்டிய வயது அவருக்கு. படித்தவள், மாதச் சம்பளக்காரி என்பதால் என்னை அக்கா என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? சட்டம் என் பக்கம் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை எந்த வடிவத்திலும் ஒழிக்கிறது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் பதினோரு வயதுப் பையனின் சட்டைப் பைக்குள் இருக்கும் ஸ்ட்ரைக்கருக்கு எந்தக் காவல் நிலையத்துக்குப் போவது?

மறுநாள் எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்து ஒரே ஒரு விதி சொன்னேன். "இந்தப் போர்டுக்கு ஒரு ஸ்ட்ரைக்கர்தான். வீட்டிலிருந்து யாரும் கொண்டுவரக் கூடாது." காரணம் சொல்லவில்லை. பிள்ளைகள் யாரும் கேட்கவும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த நாள் ஊர்த்தெருவிலிருந்து நான்கு பேர்தான் வந்தார்கள். அந்தப் பையன் வரவில்லை. அவன் தாத்தா இரண்டு நாள் கழித்து வந்து வாசலிலேயே நின்று, மரியாதையாகத்தான் பேசினார். "ஏம்மா, படிப்புதான சொல்லித்தர்றீங்க? வெளையாட்டு எதுக்கு?" நான் உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "பேரன் நல்லா ஆடுறான் ஐயா, அனுப்பி வைங்க" என்றேன். "பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மாதத்தில் வராமல் போன மூன்று பேரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். அவர்கள் வந்ததற்கு என் விதி காரணம் என்று பெருமைப்பட மாட்டேன். அரையாண்டுத் தேர்வு வந்தது, கணக்குச் சொல்லித்தர வேறு ஆள் இல்லை. அந்தப் பையன் மட்டும் இன்று வரை வரவில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்தால் சிரிக்கிறான். கையை ஆட்டுகிறான். அவனுக்குப் பிடித்த அரை மணி நேரத்தை நான்தான் பறித்தேனோ என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். உடனே அந்தப் பெண்பிள்ளையின் நீட்டிய கையும் ஞாபகம் வரும். இரண்டு பிள்ளைகளில் ஒருவரின் மனத்தை நோகவைத்தே ஆக வேண்டும் என்ற இடத்தில் பெரியவர்கள் நம்மைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். இத்தனை காலம் நோவதற்கென்று ஒரு பக்கத்துப் பிள்ளைகளையே விட்டு வைத்திருந்தோம்.

சேர்ந்து ஆடுவதால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் நம்பவில்லை. சேர்ந்து உண்பதால்கூடச் சாதி சாகவில்லை, மணஉறவுதான் உண்மையான மருந்து என்று 1936லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் சொல்லிவிட்டார். ஒரே ஸ்ட்ரைக்கரில் ஆடிய பையன் நாளைக்குத் தன் தங்கை காதலித்தால் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் அவன் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் எது என்பது எனக்குத் தெரியும். யாருடைய விரல் பட்டதை நீ தொடக் கூடாது என்பதுதான் அது. அந்த முதல் பாடம் எங்கள் மையத்தில் செல்லாது. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

சிறுவாச்சூரில் இப்போது கூரைக் கொட்டகை இல்லை. சிமெண்ட் கட்டடம் இருக்கிறது. பையன்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஊரில் இருப்பவர்கள் கைபேசியில் கேரம் ஆடுகிறார்கள். பஸ் ஸ்டாப்பில் பார்க்கிறேன். ஊர்த்தெருப் பையன் ஒரு பெஞ்சில், காலனிப் பையன் எதிர்த் திண்ணையில். யாரென்று தெரியாத எவருடனோ ஆளுக்கொரு திரையில் சுண்டிக்கொண்டிருக்கிறார்கள். சில நேரம் அவர்கள் இருவருமே ஒருவருக்கொருவர் எதிராளியாக வந்திருக்கக்கூடும். கைபேசிக் கேரத்தில் தீண்டாமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே யாரும் யாரையும் தொட வேண்டியதே இல்லை.

அதனால்தான் மரப் போர்டு வேண்டும் என்கிறேன். 2024இல் தமிழ்நாடு அரசு ஊராட்சிகளுக்குக் 'கலைஞர் விளையாட்டு உபகரணங்கள்' வழங்கத் தொடங்கியது. நல்ல திட்டம். உங்கள் ஊராட்சியில் அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாகக் காலனிப் பிள்ளைகள் அதைத் தொட்டது எப்போது, அதில் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு நாள் போய்க் கேளுங்கள். கிராமசபையில் கேளுங்கள். மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய பந்து யாருக்கோ சொந்தமான பந்து அல்ல.

போன பொங்கலுக்கு மன்றத்தின் பழைய சாமான்களை ஒழுங்கு செய்தார்கள். பெரியப்பா ஒரு தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார். உள்ளே அந்தக் கோட்டுப் பொத்தான். நகப்பூச்சு பாதி உரிந்திருக்கிறது, மெழுகு போய்த் துளை தெரிகிறது. மையத்துக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அதையே நடுவில் வைத்து ஆட வேண்டும் என்று அடம்பிடித்தார்கள்.

அன்று மாலை அதைக் குழியில் போட்டவள், கை நீட்டி வெறுங்கையோடு இழுத்துக்கொண்ட அந்தப் பெண்பிள்ளைதான். ஃபாலோ எடுக்கவில்லை, அதனால் பொத்தானைத் திரும்ப நடுவில் வைக்க வேண்டியிருந்தது. குழியிலிருந்து அதை எடுத்து அவளிடம் கொடுத்தவன், திரும்பி வந்த இரண்டு பேரில் ஒருவன். விரலோடு விரல் பட்டது. இருவரும் போர்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த அடி யாருடையது என்பதுதான் அவர்கள் கவலை.

ஜெய்பீம்.